மின்வண்டிக்கு மின்சாரம் விற்றோர்

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யேர்மனி நாட்டின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்னும் மாது, கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சில்லு மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவருக்குச் சொல்லாமலே தாய்வீடு நோக்கிப் புறப்பட்டார். செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். வழியில் எரிபொருள் குறைந்தது. வீஸ்லொக் என்னும் சிற்றூரில் இருந்த மருந்துக்கடையிலே, துணிக்கறை போக்குவதற்கென விற்கப்பட்ட லிக்ரொயின் என்னும் திரவத்தை விலைக்கு வாங்கி வண்டியில் ஊற்றிக்கொண்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த மருந்துக்கடையே உலகின் முதற் பெற்றோல் நிலையம் என்று அவ்வூரார் இன்றும் பெருமை பேசுவர்.

இந்நிகழ்ச்சியில் வணிகர் கவனித்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. அம் மருந்துக்கடைக்காரர் மோட்டார் வண்டியை நம்பி ஒரு காசேனும் முதலிட்டவரல்லர். போத்தல் முன்னரே தட்டில் இருந்தது. வாங்க வந்தவர் மட்டுமே புதியவர். பெற்றோல் வாணிபம் பின்னரும் அவ்வாறே வளர்ந்தது. மண்ணெண்ணெய் விற்றவர் அதனோடு பெற்றோலையும் தகரங்களில் வைத்து விற்றனர். வண்டிகள் பெருகிய பின்னரே தெருவோரத்தில் பம்பிகள் தோன்றின. வாடிக்கையாளர் முன்னே வந்தனர்; முதல் பின்னே வந்தது.

மின்சாரமோ தகரத்தில் அடைபடுவதன்று. அதனை விற்க விரும்புவோர் நிலம் பெறவேண்டும்; கம்பி இழுக்கவேண்டும்; மின்மாற்றி வைக்கவேண்டும்; இவ்வளவும் செய்தபின் வண்டி வரும் வரை காத்திருக்கவேண்டும். வண்டி வாங்குவோரோ நிலையம் இருந்தாலன்றி வாங்கமாட்டார். விதை முந்தியதா, மரம் முந்தியதா என்னும் பழைய வினா இங்கே வெறும் சொல் விளையாட்டன்று. வட்டி ஏறும் கணக்கு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாணிபத்தில் இறங்கியோர் பலர் பொருள் இழந்தனர், சிலரே நிலைத்தனர். இழந்தோர் யாவரும் மூடரல்லர். நிலைத்தோர் யாவரும் மேதைகளுமல்லர். காத்திருக்கும் காலத்துச் செலவை யார் சுமப்பது என்னும் ஒரு கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளே வேறு வேறாயின.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் மாநகரின் தெருக்களில் வால்டர் பேர்சி என்னும் இளம் பொறியியலாளர் அமைத்த மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவை எழுப்பிய மெல்லிய இரைச்சலைக் கேட்ட மக்கள் அவற்றை ரீங்காரக் குருவிகள் என்று அழைத்தனர். பொது மின்னேற்று நிலையம் எங்கும் இல்லாத காலம் அது. ஆதலால் கம்பனியே தனக்கென ஒரு நிலையம் அமைத்து, பற்றரி என வழங்கும் மின்கல அடுக்கைப் பாரந்தூக்கியால் இறக்கி, நிறைந்ததொன்றை ஏற்றி அனுப்பியது. ஒரே நிலையத்தை விட்டு வெகுதூரம் போகவியலாத வண்டி, வாடகை வண்டிக்குரிய வருவாயை ஈட்டவியலாது. மின்கலங்களின் ஈயத் தகடுகளும் றபர்ச் சில்லுகளும் எதிர்பார்த்ததினும் விரைந்து கெட்டன. 1899இல் அந்தச் சேவை நின்றது.

அதே 1897ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கிற்கு அப்பால் நியூயோர்க் நகரிலும் இதே முயற்சி நடைபெற்றது. பிலடெல்பியாவைச் சேர்ந்த மொரிஸ், சாலொம் என்னும் இருவர் பன்னிரண்டளவான வண்டிகளுடன் தொடங்கிய தொழிலை, மின்கல உற்பத்திக் கம்பனியின் தலைவராயிருந்த ஐசாக் றைஸ் என்பவர் வாங்கினார். (சதுரங்க ஆட்டத்தில் ஒரு தொடக்க முறை இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது, துணிந்து பலியிட்டு ஆடும் முறை அது.) பனிச்சறுக்கு மண்டபமொன்று மின்கல மாற்று நிலையமாக்கப்பட்டது. வண்டி உள்ளே வந்ததும் யந்திரங்கள் அதன் மின்கலப் பெட்டியை இழுத்தெடுத்து, சில நிமிடங்களுள் வேறொன்றைச் செருகிவிடும். 1899இன் பெரும் பனிப்புயலில் குதிரைகள் தவித்தபோது இவ்வண்டிகள் ஓடி நற்பெயரும் ஈட்டின.

இந்தச் சிறு வெற்றியே பேராசைக்கு வித்தாயிற்று. ட்றாம் வண்டிப் பாதைகளால் பெருஞ்செல்வம் குவித்த வில்லியம் விற்னி என்பவரும் அவர் கூட்டாளிகளும் அதே ஆண்டில் இத்தொழிலினுள் புகுந்தனர். பல நகரங்களிலும் ஆயிரக்கணக்கான வண்டிகளை ஓடவிடுவது அவர்கள் திட்டம். நகருக்கு நகர் கிளைக் கம்பனிகள் எழுந்தன; பங்குகள் விற்பனையாயின. ஆனால் மின்கலத்தைப் பேணத் தெரிந்த தொழிலாளர் அவ்வளவு பேர் எங்கே? ஒரு நிலையத்தில் சில வண்டிகளை உரியவரே மேற்பார்வை செய்தபோது கெடாத மின்கலங்கள், பயிற்சியற்றோர் கையில் விரைவிற் சிதைந்தன. நிதி ஏற்பாடுகளைப் பற்றிப் பத்திரிகைகள் கேள்வி எழுப்பவே பங்குவிலை சரிந்தது. கிளைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 1907இல் தாய்க்கம்பனியும் முறிந்தது. வண்டியை ஓட்டிச் சம்பாதிப்பதிலும் பங்கை விற்றுச் சம்பாதிப்பதே எளிதென்று கண்டவர் கையில் சிக்கிய தொழிலுக்கு நேரும் கதி இது. அது மின்சாரத்தின் குற்றமன்று.

சொந்தக்காரரே ஓட்டும் மின்வண்டிகளுக்கு அக்காலத்திலும் தெருவோர மின்னேற்றம் கனவாக இருந்தது. 1900ஆம் ஆண்டை ஒட்டி, காசு போட்டால் மின்சாரம் தரும் தெருக்கம்பம் ஒன்றை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி அமைத்தது. தீயணைப்பு நீர்க்குழாயின் பெயரைத் தழுவி அதற்கு எலெக்ட்ரன்ற் என்று பெயரிட்டனர். ஆயினும் அது தெருவெங்கும் பரவவில்லை. ஓரூரில் நேரோட்ட மின்சாரம். அடுத்த ஊரில் ஆடலோட்ட மின்சாரம். ஆடலோட்டத்தை மின்கலம் நேரே ஏற்காது. மாற்றும் கருவி ஒன்று இடையில் வேண்டும். மின்னழுத்தமும் இடத்திற்கிடம் வேறுபட்டது. நகருக்குள் உலவும் செல்வர் தம் வீட்டிலோ, வண்டியைப் பேணும் தனிக் கொட்டகையிலோ மின்னேற்றிக்கொண்டனர். தெருக்கம்பத்திற்கு வேலை இல்லாது போயிற்று. வீட்டில் மின்னேற்றுவோர் தெருவில் வாங்கார் என்னும் இவ்வுண்மை, நூறாண்டு கழித்து வந்தோர் மறுபடியும் பெரும் பொருள் கொடுத்துக் கற்ற பாடமாகும்.

ஆனால் அதே நாட்டில், கனெக்ரிகட் மாநிலத்து ஹார்ட்போர்ட் நகரில், ஆரவாரமின்றி ஒரு முயற்சி நடந்து நெடுநாள் நின்றது. அவ்வூருக்கு ஒளி வழங்கிய மின்சாரக் கம்பனி 1912இல் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. சரக்கு லொறி வாங்குவோர் ஜெனரல் வெகிக்கிள் என்னும் கம்பனியின் லொறியை மின்கலம் இல்லாமலே குறைந்த விலைக்கு வாங்கலாம். மின்கலம் மின்சாரக் கம்பனிக்கே சொந்தம். லொறிக்காரர் மாதமொன்றுக்கு நிலையான ஒரு தொகையும், ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கட்டணமும் செலுத்துவார். மின்கலம் தீர்ந்தால் நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம். கெட்டால் அது கம்பனியின் கவலை.

இவ்வேற்பாடு 1924 வரை நடந்தது. அவ்வண்டிகள் யாவும் சேர்ந்து ஓடிய தூரம் அறுபது இலட்சம் மைலுக்கு மேற்பட்டது. நியூயோர்க்கில் சாயந்த தொழில் ஹார்ட்போர்ட்டில் எங்ஙனம் நின்றது? மின்சாரக் கம்பனிக்கு மின்னேற்று நிலையமே முழுப் பிழைப்பன்று. ஊர் உறங்கும் வேளையில் அதன் மின்பிறப்பாக்கிகள் அரைச் சுமையோடு சுழன்றன. அவ்வேளையில் மின்கலங்களை நிரப்புவது, வீணாய்ப் போகும் நீரை வயலுக்குத் திருப்புவது போன்றது. லொறிகளோ பாண், பால், மூட்டை முதலியவற்றைச் சுமந்து தெரிந்த தெருக்களிலேயே திரிந்தன, மாலையில் திரும்பின. எத்தனை வண்டி, எத்தனை மைல் என்பது ஏறக்குறைய முன்னரே தெரியும். யாரோ வருவார் என்று நம்பிக் கட்டியதன்று; வருவாரை எண்ணிப் பார்த்துக் கட்டியது. முதலாம் உலகப் போருக்குப் பின் மலிந்த பெற்றோல் லொறிகளும், ஊரைத் தாண்டி ஓடும் தேவையும் வந்த பின்னரே அது மறைந்தது.

1912இல் கெற்றறிங் என்பார் அமைத்த மின்சாரத் தொடக்கி பெற்றோல் வண்டியின் கைச்சுழற்றும் தொல்லையை ஒழித்தது. மின்வண்டி சந்தையை இழந்தது. ஆயினும் அது முற்றாக அழிந்ததென்பது தவறு. பிரித்தானியாவில் விடியற்காலத்தே பால் கொண்டு செல்லும் மின்வண்டிகள் பல்லாயிரம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஓடின. அவை இரவில் தம் பாற்பண்ணை முற்றத்திலேயே மின்னேறின. பொது நிலையம் எதுவும் அவற்றுக்கு வேண்டியிருக்கவில்லை.

பொது நிலையம் என்னும் கனவு பேருருவில் திரும்பியது 2007ஆம் ஆண்டில். சாய் அகாசி என்னும் இஸ்ரேலியர், எஸ்.ஏ.பி. என்னும் பெருங் கணினிக் கம்பனியில் வகித்த உயர்பதவியைத் துறந்து, பெற்றர் பிளேஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே 20 கோடி டொலர் சேர்ந்தது. காலப்போக்கில் அது 85 கோடி டொலர் வரை வளர்ந்தது. கைத்தொலைபேசி விற்பவர் கருவியை மலிவாகக் கொடுத்துப் பேசும் நிமிடத்திற்குக் காசு வாங்குவது போல, வண்டியை மின்கலமின்றி விற்று, ஓடும் கிலோமீற்றருக்குக் காசு வாங்குவது அவர் எண்ணம். அடிப்படையில் இது ஹார்ட்போர்ட்டின் ஏற்பாடே; ஓரூருக்குரியதை ஒரு நாட்டுக்கு விரித்தது மட்டுமே புதுமை.

தேர்ந்த நாடும் தக்கதாகவே தோன்றியது. இஸ்ரேல் சிறிய நாடு. எல்லை கடந்து வண்டி ஓட்டுவோர் அரிது. பெற்றோல் விலை அதிகம். பெற்றோல் வண்டிக்குக் கடும் வரி விதித்த அரசு மின்வண்டிக்கு அதனை வெகுவாகக் குறைத்தது. 2008 ஜனவரியில் றெனோல் நிறுவனத்தோடு உடன்பாடு கைச்சாத்தாயிற்று. 2016க்குள் இலட்சம் வண்டிகள் என்று பேசப்பட்டது. டென்மார்க்கும் சேர்ந்துகொண்டது. யப்பானின் யோக்கஹாமா நகரில் 2009இல் மாற்று நிலையத்தின் செயல் யாவருக்கும் காட்டப்பட்டது. வண்டி ஒரு மேடையில் ஏறி நிற்க, யந்திரக்கை அடியிலிருந்து மின்கலத்தைக் கழற்றி, நிறைந்ததொன்றைப் பொருத்தும். பெற்றோல் நிரப்பும் நேரத்தினும் கூடாது.

யந்திரம் செவ்வனே இயங்கியது. அதனை இயக்கிய கணக்கே இடறியது. றெனோல் தந்த புளுவென்ஸ் என்னும் ஒரேயொரு வகை வண்டியே அந்நிலையத்திற்குப் பொருந்தியது. ஏனைய வண்டிக் கம்பனிகள் தம் மின்கலத்தைத் தாமே வடிவமைத்தன. பிறர் வகுத்த பெட்டிக்குள் தம் வண்டியின் இதயத்தை அடக்க அவை விரும்பவில்லை. றெனோல் கூடத் தன் அடுத்த மின்வண்டியாகிய சோயியை மாற்றும் வசதியின்றியே வெளியிட்டது. ஒரு மின்கலம் ஏறத்தாழ 160 கிலோமீற்றருக்கே போதுமானது. ஆதலால் நாடெங்கும் நிலையங்கள் நெருக்கமாக வேண்டும். அவ்வாறு நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த நிலையங்கள் இஸ்ரேலில் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் 5 இலட்சம் டொலர் போதுமென முதலிற் கணித்திருந்தனர். கட்டி முடித்தபோது செலவு அதனை வெகுவாகத் தாண்டியது. ஒவ்வொரு நிலையத்திற்கும் உள்ளூர் ஆட்சிமன்றங்களின் அனுமதி பெறவும் காலம் கரைந்தது.

இன்னொரு தடை எவரும் பெரிதாய் எண்ணாதது. இஸ்ரேலில் விற்கும் புதிய வண்டிகளில் பெரும்பகுதியைக் கம்பனிகளே வாங்கித் தம் ஊழியர்க்குக் கொடுப்பது வழக்கம். பெற்றோலும் பெரும்பாலும் கம்பனிச் செலவு. அவ்வூழியரிடம் சென்று, இந்த வண்டியில் ஓட்டுஞ் செலவு குறைவு என்றால் அவருக்கென்ன? அவர் கையிலிருந்து போகாத காசை அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுக்க முயன்றனர். வண்டியின் விலையும் பெற்றோல் வண்டியினும் பெரிதும் மலிவாயிருக்கவில்லை.

2012இல் விற்பனை தொடங்கியபோது நிலையங்கள் தயாராய் நின்றன, வண்டிகள் வரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் அகாசி தலைமைப் பொறுப்பிலிருந்து நீங்கினார். 2013 மே 26ஆம் நாள் கம்பனி நீதிமன்றத்தை நாடித் தன்னைக் கலைக்குமாறு வேண்டியது. இரு நாடுகளிலும் சேர்த்து 1,500 வண்டிகள் கூட ஓடவில்லை. எஞ்சிய சொத்துகள் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறின. அவ்வண்டிகளை ஆர்வத்தோடு வாங்கியவர்கள் நிலை இரங்கத்தக்கது. தம் வண்டிக்குள் இருக்கும் மின்கலம் தமக்குச் சொந்தமன்று, சொந்தக்காரரோ இல்லை. நிலையங்கள் மூடிய பின், வீட்டு மின்னேற்றியை நம்பி, போகும் தூரத்தைக் கணக்கிட்டுப் பயணம் செய்தனர்.

மின்கலத்தை மாற்றாது, வண்டியிலேயே வைத்து விரைவாக மின்னேற்றுவதே எளிய வழி என்று மற்றையோர் கருதினர். ஆனால் அவ்வழியிலும் காத்திருக்கும் செலவு குறையவில்லை. வேறு உருவில் வந்தது. இதனை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெருந்தொகையாக மின்சாரம் வாங்குவோரிடம் பல நாடுகளின் மின்சாரக் கம்பனிகள் இருவகைக் கட்டணம் அறவிடுகின்றன. ஒன்று, செலவிட்ட அலகுகளுக்கு. மற்றது, அந்த மாதத்தில் எப்போதாவது ஒரு தடவை எட்டிய உச்சத் தேவைக்கு. 150 கிலோவாற்று விரைவு மின்னேற்றி ஒன்றில் ஒரு வண்டி இருபது நிமிடம் நின்றால் 50 அலகு ஏறும். அலகொன்றை 50 சதத்திற்கு விற்றால் 25 டொலர் வரும். உச்சத் தேவைக் கட்டணம் கிலோவாற்றுக்கு 10 டொலர் என்று வைத்துக்கொண்டால், மாதம் முழுவதிலும் அந்த ஒரு வண்டியே வந்தாலும் நிலையக்காரர் 1,500 டொலர் கட்டவேண்டும். அறுபது வண்டிகள் வந்தாலும் அவை தரும் மொத்தப் பணமும் அக்கட்டணத்திற்கே சரியாகிவிடும். வாங்கிய மின்சாரத்தின் விலை, நிலவாடகை, பழுதுபார்ப்பு, வட்டி யாவும் வெளியே நிற்கும். நாளுக்கு இருபது வண்டியாக மாதம் அறுநூறு வந்தாலோ, அதே 1,500 டொலர் வண்டிக்கு இரண்டரை டொலராகச் சுருங்கும். ஆகவே நெரிசல் மிகுந்த நகரத்து நிலையம் பிழைக்கும். நெடுஞ்சாலையின் நடுவே, ஆள் அரவமற்ற இடத்தில் நிற்பது பிழைக்காது. ஆனால் மின்வண்டி வாங்க எண்ணுவோர் முதலிற் கேட்பதோ அந்த நடுவழி நிலையத்தைத்தான். கப்பலில் உயிர்காப்புப் படகு உண்டா என்று கேட்டபின்னரே ஏறுவர். படகில் ஏற ஒருநாளும் விரும்பார். அதற்கெனத் தனிக் கட்டணமும் கொடார்.

வீட்டில் வசதியுடையோர் பெரும்பாலும் வீட்டிலேயே மின்னேற்றுகின்றனர் என்பது அமெரிக்காவில் நடந்த பேராய்வொன்றிலும் புலனாயிற்று. அதனை நடத்திய ஈக்கோற்றாலிற்றி என்னும் கம்பனிக்கு 2009இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 10 கோடி டொலர் வழங்கியது. பின்னர் அது 11 கோடியைத் தாண்டியது. பல மாநிலங்களில் வீடுகளிலும் பொது இடங்களிலும் ஆயிரக்கணக்கான மின்னேற்றிகள் நாட்டப்பட்டன. கொடைப் பணம் கம்பங்களை நாட்ட உதவியது; அவற்றை நாள்தோறும் பேண உதவவில்லை. 2013 செப்ரெம்பரில் அக்கம்பனி முறிந்தது. பிளிங்க் என்னும் பெயரோடு நின்ற அதன் மின்னேற்றி வலையமைப்பு ஏறத்தாழ 33 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. பத்துக்கோடிகளில் நாட்டியதை இலட்சங்களில் வாங்கியவர் புத்திசாலி என்று அன்று பலர் எண்ணியிருப்பர். ஆயினும் பழுதுபார்க்கும் பாரமும் அவ்விலையோடு சேர்ந்தே வந்தது.

பிரித்தானியாவில் ஈக்கோற்றிசிற்றி என்னும் பசுமை மின்சாரக் கம்பனி 2011 யூலையில் மின்சார நெடுஞ்சாலை என்ற பெயரில் பெருந்தெருக்களின் தங்குமடங்களில் மின்னேற்றிகளை வைக்கத் தொடங்கியது. ஐந்தாண்டுகள் மின்சாரம் இலவசம். புதிய பழக்கத்தை ஊட்டுதற்கு அது நல்வழியே. ஆனால் இலவசமாய்ப் பெற்ற பொருளுக்கு 2016 யூலையில் விலை வைத்தபோது முணுமுணுப்பு எழுந்தது. அதனினும் பெருங்குறை, கருவிகள் முதுமையடைந்து, பல இடங்களில் வேலை செய்யாது நின்றமை. வெளியே மழையிலும் வெயிலிலும் நின்று, நாளுக்குப் பத்துப் பேர் இழுத்துச் செருகும் கருவி இது. வைத்தால் இருக்கும் தெருவிளக்கன்று. 2021 யூனில் அவ்வலையமைப்பு கிறிட்சேர்வ் என்னும் கம்பனிக்குக் கைமாறியது. புதியவர் செய்த முதல் வேலை பழைய கருவிகளைக் கழற்றி மாற்றியதே. விரைவு மின்னேற்றிகள் ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்கவேண்டும் என 2023இல் அந்நாட்டு அரசு சட்டமே இயற்றியது. பெற்றோல் பம்பி இயங்கவேண்டும் என்று எந்த நாடும் சட்டம் செய்ய நேர்ந்ததில்லை. இயங்காத பம்பியால் உரியவருக்கே உடனடி நட்டம். மின்னேற்றி நின்றாலோ, ஓடி நட்டப்படுவதினும் நின்று நட்டப்படுவது குறைவு என்னும் நிலை சில இடங்களில் இருந்தது.

செருகியின் வடிவம் பற்றிய பூசலும் இத்தொழிலை அலைக்கழித்தது. 2010இல் யப்பானிய நிறுவனங்கள் கூடி சாடெமோ என்னும் முறையை வகுத்தன. தேநீர் அருந்தலாமா என்று பொருள்படும் யப்பானியச் சொற்றொடரை நினைவூட்டும் பெயர் அது. மின்னேறும் நேரத்தில் ஒரு கோப்பை அருந்தலாம் என்பது குறிப்பு. அடுத்த ஆண்டில் அமெரிக்க, யேர்மானியக் கம்பனிகள் வேறொரு முறையில் ஒன்றுபட்டன. ரெஸ்லா கம்பனி தனியே மூன்றாவதொன்றை வைத்துக்கொண்டது. நிலையம் கட்டுவோர் எதனை நம்புவது? இரண்டையும் வைத்தால் செலவு இரட்டிக்கும்; ஒன்றை வைத்தால் பாதி வாடிக்கை போகும். நேரோட்டமா, ஆடலோட்டமா என்று 1900இல் திகைத்தவரின் நிலைதான்.

இவ்வளவு பேர் இடறிய பாதையில் ரெஸ்லா ஏன் இடறவில்லை? 2012 செப்ரெம்பரில் அது கலிபோர்ணியாவில் ஆறு நிலையங்களோடு தொடங்கியபோது மின்சாரத்தை விற்கவில்லை, வண்டியை விற்றது. நிலையம் வண்டி விற்பனைக்குரிய விளம்பரமும் உறுதிமொழியும் ஆகும். அதன் செலவு வண்டி விலைக்குள் மறைந்திருந்தது. எங்கே வண்டி விற்கும், எவ்வழி அவை ஓடும் என்பது அக்கம்பனிக்குத் தெரியும். செருகியும் தன்னது, வண்டியும் தன்னது. ஒன்று பழுதானால் மற்றவரைச் சுட்டிக்காட்ட இடமில்லை. ஹார்ட்போர்ட்டில் மின்சாரக் கம்பனி சுமந்த பாரத்தை இங்கே வண்டிக் கம்பனி சுமந்தது. 2023 மே மாதத்தில் போர்ட் கம்பனியும், யூனில் ஜெனரல் மோட்டர்ஸும் தம் வண்டிகளுக்கு அதே செருகியை ஏற்பதாக அறிவித்தன. போட்டியாளரே வாடிக்கையாளராய் வந்த அரிய வெற்றி அது. ஆயின் ஓராண்டு செல்லுமுன், 2024 ஏப்ரில் முடிவில், மின்னேற்று நிலையப் பிரிவில் இருந்த ஏறத்தாழ ஐந்நூறு பேரையும் அக்கம்பனி ஒரே நாளில் விலக்கியது. பின்னர் சிலரைத் திரும்ப அழைத்தது. வேறொரு தொழிலின் நிழலில் வளரும் வலையமைப்பு, அத்தொழிலதிபரின் மனமாற்றத்திற்கும் உட்பட்டதே.

மின்கலம் மாற்றும் முறையும் அடியோடு மாளவில்லை. சீனாவில் நியோ என்னும் வண்டிக் கம்பனி 2018 முதல் மாற்று நிலையங்களைக் கட்டி, 2023 முடிவுக்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை இயக்கியது. பெற்றர் பிளேஸ் பெறாததை அது பெற்றிருந்தது. மாற்றும் மின்கலத்திற்குரிய வண்டியைத் தானே செய்து விற்றது. எனினும் அந்த ஆண்டுகளில் அக்கம்பனி இலாபம் காணவில்லை.

அமெரிக்காவில் எலெக்ட்ரிஃபை அமெரிக்கா என்னும் பெருவலையமைப்பு தோன்றிய விதமோ விந்தையானது. டீசல் வண்டிகளின் புகைச் சோதனையில் வஞ்சித்து அகப்பட்ட வொல்க்ஸ்வாகன், 2016இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி பத்தாண்டுகளில் 200 கோடி டொலரை மின்வண்டிக்குரிய வசதிகளில் இடவேண்டியதாயிற்று. இலாபம் தேடி வராத முதல், தண்டனையாய் வந்து சேர்ந்தது. தண்டனை நிறைவேற்ற நாட்டிய கம்பங்கள் அடிக்கடி பழுதாவது குறித்து ஓட்டுநர் பல ஆண்டுகள் முறையிட்டதில் வியப்பில்லை.

2021 நவம்பரில் அமெரிக்க அரசு நெடுஞ்சாலை மின்னேற்று நிலையங்களுக்கென 500 கோடி டொலரை ஒதுக்கியது. ஐம்பது மைலுக்கொரு நிலையம்; ஒவ்வொன்றிலும் ஒரே வேளையில் நான்கு வண்டிகள் மின்னேறவேண்டும்; பேணும் செலவிலும் ஒரு பங்கு சில ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பன அதன் விதிகள். முன்னைய கொடைகள் விட்ட பிழை இதில் ஓரளவு திருத்தப்பட்டிருந்தது. ஆனால் மாநில அரசுகள் விதி வகுத்து, ஒப்பந்தம் கோரி, மின்மாற்றிக்குக் காத்திருந்து, முதல் நிலையம் திறக்க ஈராண்டுகள் சென்றன. ஒகையோ மாநிலத்தில், இலண்டன் என்னும் பெயரே கொண்ட ஒரு சிற்றூரை அடுத்து, 2023 டிசெம்பரில் அது திறக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் புதிய ஆட்சி அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. மாநிலங்கள் பல நீதிமன்றம் சென்றன. ஆகஸ்டில் தளர்த்திய விதிகளோடு திட்டம் மீளத் தொடங்கியது. அரசுப் பணத்தை நம்பிக் குத்தகை எழுதியோர் அந்த ஆறு மாதமும் வட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தனர்.

ஒகையோவின் அந்த முதல் நிலையம் நின்ற இடம், நெடுந்தூர லொறிக்காரர் இறங்கி இளைப்பாறும் பழைய பெற்றோல் தங்குமடமொன்றின் முற்றம். தங்குமடத்தை நடத்துவது பைலற் கம்பனி. மின்னேற்றியை இயக்குவது ஈவிகோ. முதலில் ஒரு பங்கு ஜெனரல் மோட்டர்ஸின் கையிலிருந்து வந்தது. வண்டி மின்னேறும் இருபது, முப்பது நிமிடமும் ஓட்டுநர் கடையினுள் நிற்பார். கோப்பியும் உணவும் வாங்குவார். தங்குமடக்காரருக்கு மின்சாரத்தில் வரும் இலாபத்தினும் அக்கடையில் வரும் இலாபமே கணக்கிற்குரியது.